மாவட்டம் மாறியபோது எது மாறவேண்டும்?

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அது இருக்கும் மாவட்டம்தான் சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு முறை மாறியது. முதலில் திருச்சிராப்பள்ளி மாவட்டம். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமானதும் பெரம்பலூர். 2001 ஜனவரி 1 முதல் அரியலூர். 2002 மார்ச் 31-இல் அரியலூர் மாவட்டத்தைக் கலைத்துப் பழையபடி சேர்த்துவிட்டதால் மறுபடியும் பெரம்பலூர். 2007 நவம்பர் 23-இல் அரியலூர் இரண்டாம் முறையாகப் பிறந்தது, அன்றிலிருந்து அரியலூர்.

அதே வட்டாரத்து ஜெயங்கொண்டத்தில் குடியிருக்கும் ஒருவரின் முகவரி ஏதோ ஒரு கணிப்பொறியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 'மாவட்டம்' என்று ஒரு கட்டம். யாரோ அதில் பெரம்பலூர் என்று தட்டிவிட்டுப் போய்விட்டார். அரசாணை வந்த ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டத்தை யாராவது தேடிப்பிடித்துத் திருத்தவேண்டும். அந்த ஒரு கட்டத்தை மட்டுமல்ல, உடையார்பாளையம், செந்துறை வட்டங்களில் இருக்கும் அத்தனை பேருடைய கட்டங்களையும். நான்கில் ஒரு பங்கு விட்டுப்போகும். விட்டுப்போனது எது என்று தெரியவும் தெரியாது.

கட்டத்தில் பெயரை எழுதாமல் இப்படி எழுதியிருந்தால்?

மாவட்டம்: வட்டம்.மாவட்டம்

'இவருடைய மாவட்டம் எது? இவருடைய வட்டம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அது' என்பதுதான் இந்த வரி. இங்கே எந்த ஊர்ப் பெயரும் இல்லை, ஓர் உறவு மட்டும் இருக்கிறது. இவருடைய உடையார்பாளையம் வட்டத்துக்கு எதிரே ஒரே ஓர் இடத்தில் அரியலூர் என்று மாற்றினால், அதைச் சார்ந்த கட்டங்கள் அத்தனையும் தாமாக மாறிக்கொள்ளும். இந்த அத்தியாயம் அந்த முக்காற்புள்ளியைப் பற்றியது. அதற்குப் பதில் ஒரு சமக்குறியைப் போட்டால் என்னென்ன கெட்டுப்போகும் என்பதைப் பற்றியதும்கூட.

நிரல் எழுதும் பழைய வழி கட்டளையிடுவது. இதைச் செய், பிறகு அதைச் செய், அது முடிந்ததும் திரையில் இந்த எண்ணைப் போடு. மற்றொரு வழி அறிவிப்பது. இந்த எண் அந்த இரண்டின் வித்தியாசம், இந்தப் பொத்தான் அந்தப் பெட்டி நிரம்பியிருந்தால் மட்டும் வேலைசெய்யும் என்று உறவுகளைச் சொல்லிவைத்துவிட்டு, எப்போது கணக்கிடுவது என்ற கவலையை எந்திரத்திடம் விட்டுவிடுவது. கைப்பேசியிலும் கார்த்திரையிலும் நாம் தொடும் இடைமுகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வழிக்கு வந்துவிட்டன. ஆனால் உறவு எப்போதும் எளிமையாக இருப்பதில்லை. 'இது அதற்குச் சமம்' என்று சொல்லி முடித்துவிட முடியாத இடங்களில் கழித்தல் வேண்டும், ஒப்பீடு வேண்டும், 'இல்லையென்றால்' வேண்டும். அங்கேதான் அறிவிப்பின் நடுவே ஒரு சின்னஞ்சிறு நிரல்துண்டு, அதாவது ஒரு கோவை, வந்து உட்காருகிறது.

இதைக் கிட்டத்தில் பார்க்க அரியலூரைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு காலத்தில் கடலடியாக இருந்து, இன்று அம்மோனைட் புதைபடிவங்களும் சுண்ணாம்புக்கல்லுமாகக் கிடக்கும் பூமி இது. அந்தக் கல்லை நம்பித்தான் அரசின் டான்செம் தொடங்கி ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு வரை சிமெண்ட் ஆலைகள் இந்த வட்டாரத்தில் வந்தன. கல் ஏற்றிய லாரி எங்கே போனாலும் எடைமேடையில் ஏறி இறங்கியாகவேண்டும். காலி வண்டியை ஒருமுறை நிறுத்தி எடைபோடுவார்கள், லோடோடு ஒருமுறை. லோடு எடையில் காலி எடையைக் கழித்தால் நிகர எடை. பணம் அதற்குத்தான்.

அந்த எடைமேடை அறையில் இருக்கும் திரையை நாமே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மேடைக்கு அடியில் இருக்கும் லோடு செல்கள் எடையை மின்னழுத்தமாக்கி இண்டிகேட்டருக்கு அனுப்புகின்றன. இண்டிகேட்டர் அதை எண்ணாக்கி ஒரு கம்பி வழியே கணிப்பொறிக்கு நொடிக்குப் பலமுறை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பழைய வழியில் எழுதினால், எண் வரும்போதெல்லாம் ஒரு செயல்கூறு ஓடவேண்டும். அது மொத்த எடையைத் திரையில் போடவேண்டும், கழிக்கவேண்டும், நிகரத்தைப் போடவேண்டும், எல்லை மீறியதா என்று பார்த்து நிறத்தை மாற்றவேண்டும். காலி எடையை யாராவது திருத்தினால் அங்கேயும் இதே வேலை. வண்டி எண்ணை மாற்றினால் அங்கேயும். மூன்று இடத்தில் ஒரே கழித்தல். ஆறு மாதம் கழித்து நான்காவதாக ஓர் இடம் முளைக்கும். அங்கே நிறத்தை மாற்ற மறந்திருப்பார்கள்.

கியூ.எம்.எல். என்ற மொழியில் இதே திரையின் சாரம் இவ்வளவுதான். உண்மையான நிரலில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். நம் வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

நிகரம்: மொத்தம் − காலி
நிறம்: மொத்தம் > 28500 ? "சிவப்பு" : "பச்சை"
செய்தி: காலி === 0 ? "காலி எடை போடவும்" : நிகரம் + " கிலோ"

28500 என்பது மூன்று அச்சு கொண்ட, பேச்சுவழக்கில் பத்துச் சக்கர லாரி, சரக்கோடு சேர்த்து எவ்வளவு கிலோ இருக்கலாம் என்பதற்கு 2018-இல் மத்திய அரசு உயர்த்திய வரம்பு. லாரி 27940 கிலோ, காலி எடை 9860 என்றால் நிகரம் 18080. பச்சை. கேள்விக்குறிக்கு இடப்பக்கம் நிபந்தனை (=== என்பது 'சமமா?' என்ற கேள்வி). அது உண்மையானால் முதல் விடை, இல்லையென்றால் இரண்டாவது. இது வலைப்பக்கங்களின் மொழியான ஜாவாஸ்கிரிப்டின் இலக்கணம்.

ஜாவாஸ்கிரிப்ட் எப்படி இங்கே வந்தது? பெரம்பலூர் மாவட்டம் பிறந்த அதே 1995-இல்தான், மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். அதே மே மாதம் நார்வேயில் ஹாவார்ட் நோர்டும் ஐரிக் சாம்பே-எங்கும் கியூடி என்ற இடைமுகக் கருவித்தொகுப்பின் முதல் பதிப்பைப் பொதுவெளியில் விட்டார்கள். இரண்டுக்கும் அன்று ஒரு தொடர்பும் இல்லை. கியூடியை உருவாக்கிய ட்ரோல்டெக் நிறுவனத்தை 2008-இல் நோக்கியா வாங்கியது. நோக்கியா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஸ்ரீபெரும்புதூர் ஆலையும், 2014-இல் அது மூடியபோது வேலையிழந்து ஊர் திரும்பிய பிள்ளைகளும்தான். நிரலாளர்களுக்கு அது விட்டுப்போனது வேறொன்று. தொடுதிரைக் கைப்பேசிகளுக்கு ஈடுகொடுக்க, 2010-இல் கியூடி 4.7 பதிப்போடு நோக்கியா வெளியிட்ட, கோவைகளை ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் கியூ.எம்.எல். கைப்பேசிப் போட்டியில் நோக்கியா தோற்றது. அந்த மொழி பிழைத்து, லினக்ஸ் மேசைத்திரைகளிலும் ஆலைகளின் கட்டுப்பாட்டுத் திரைகளிலும் குடியேறிவிட்டது.

உறவை அறிவிக்கும் கருத்து கியூ.எம்.எல்.லைவிட மூத்தது. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் செய்த ஸ்கெட்ச்பேடில், இரண்டு கோடுகள் இணையாக இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டால் ஒன்றை இழுத்தாலும் மற்றது இணங்கும். 1979-இல் டேன் பிரிக்லினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் விசிகால்க் விரிதாளை வெளியிட்டபோது இந்தக் கருத்து கணக்கர்களின் மேசைக்கு வந்தது. கோடிக்கணக்கானோர் அறிவிப்புமுறை நிரலாளர்கள். எக்செல்லில் ஒரு கட்டத்தில் சூத்திரம் எழுதும்போது தாங்கள் செய்வது அதுதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவே.

சரி, மொத்தம் மாறினால் நிகரமும் மாறவேண்டும் என்று எந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது? நாம் எங்கும் 'நிகரம் இந்த இரண்டையும் சார்ந்தது' என்று பட்டியல் கொடுக்கவில்லையே. இதிலுள்ள தந்திரம் அழகானது. எந்திரம் கோவையைப் படித்து ஆராய்வதில்லை; ஓட்டிப்பார்க்கிறது. ஓடும்போது எந்தெந்தப் பண்பு, அதாவது பெயரிட்ட எந்தெந்த மதிப்பு, வாசிக்கப்பட்டது என்று குறித்துக்கொள்கிறது. மொத்தம் வாசிக்கப்பட்டது, குறி. காலி வாசிக்கப்பட்டது, குறி. பிறகு அந்த இரண்டிடமும் 'நீ மாறினால் எனக்குச் சொல்' என்று பதிந்துவைக்கிறது. கோவைக்குள்ளிருந்து வேறொரு செயல்கூற்றை அழைத்து, அது உள்ளே போய் எதையாவது வாசித்தாலும் குறிப்பில் ஏறிவிடும்.

மேலே உள்ள மூன்றாவது வரியை இந்தக் கண்ணோடு பாருங்கள். காலி எடை பூஜ்யமாக இருக்கும்வரை கோவை இடப்பக்கக் கிளையோடு முடிந்துவிடுகிறது. நிகரத்தை அது தொடுவதே இல்லை. ஆகவே அந்த நேரத்தில் செய்தி நிகரத்தைச் சார்ந்ததும் இல்லை. மேடையில் எடை ஏறி இறங்கி நிகரம் நூறுமுறை மாறினாலும் செய்தி மீண்டும் கணக்கிடப்படாது. காலி எடை பதிவானதும் கோவை ஒருமுறை ஓடும், வலக்கிளைக்குப் போகும், நிகரத்தை வாசிக்கும், அந்த நொடியிலிருந்து அதையும் பின்தொடரும். சார்பு என்பது எழுதிவைத்த பட்டியல் அல்ல, ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாகப் பிறப்பது.

இதற்கு ஒரு விலை உண்டு. மாறும்போது குரல்கொடுக்கத் தெரிந்த பண்புகளை மட்டுமே எந்திரத்தால் பின்தொடர முடியும். சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் மாறிக்குக் குரல் இல்லை. இன்று வந்த வண்டிகளை ஓர் அணியில் போட்டுவைத்து, அதன் நீளத்தைத் திரையில் காட்டும் கோவை எழுதினால், புதிய வண்டியை அணிக்குள் தள்ளும்போது திரை அசையாது. அணி அதே அணிதான். உள்ளே ஒன்று கூடியது யாருக்கும் சொல்லப்படவில்லை. புதிதாகக் கற்பவர்கள் இந்த இடத்தில் ஒரு மாலைப்பொழுதையாவது தொலைப்பார்கள்.

இனி அந்தச் சமக்குறி. எடைமேடைக்காரர் ஒரு வசதி கேட்கிறார்: இண்டிகேட்டர் மக்கர் செய்தால் நிகர எடையைக் கையால் போட ஒரு பொத்தான். எழுதுபவர் பொத்தானுக்குள் நிகரம் = 18000 என்று ஒரு வரி போடுகிறார். வேலை செய்கிறது. எல்லோருக்கும் திருப்தி. அடுத்த லாரி மேடை ஏறுகிறது. மொத்தம் மாறுகிறது, நிறம் மாறுகிறது, நிகரம் மட்டும் 18000-லேயே நிற்கிறது. அதற்கடுத்த லாரிக்கும் 18000.

நடந்தது என்னவென்றால், முக்காற்புள்ளி போட்டு எழுதியது ஒரு பிணைப்பு. சமக்குறி போட்டு எழுதியது ஒரு மதிப்பு. மதிப்பை எழுதிய கணத்தில் பிணைப்பு அறுந்துவிடும். பிழைச்செய்தி வராது, ஓர் எச்சரிக்கைகூட வராது. இதைத் தவறு என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் மொழியின் விதியே அதுதான். எக்செல்லிலும் இதுதான் நடக்கிறது: சூத்திரம் இருந்த கட்டத்தில் யாரோ அவசரத்துக்கு ஓர் எண்ணைத் தட்டிவிட, மார்ச் மாதக் கணக்கு முடிக்கும்போது மொத்தத் தொகை உதைக்கிறது. கணக்கர்கள் நாற்பது ஆண்டுகளாகத் திட்டிக்கொண்டிருக்கும் விபத்தை நிரலாளர்கள் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

அறுந்த பிணைப்பை நிரலுக்குள்ளிருந்தே திரும்பக் கட்ட வழியுண்டு. ஆனால் அறுத்துவிட்டுக் கட்டுவதைவிட அறுக்காமல் இருப்பது மேல். கையால் போட்ட எடைக்கு ஒரு தனிப் பண்பு வையுங்கள், இயல்பாகப் பூஜ்யமாக இருக்கட்டும். பொத்தான் அதில் மட்டும் எழுதட்டும். நிகரத்தின் கோவை இப்படி ஆகட்டும்:

நிகரம்: கைஎடை > 0 ? கைஎடை : மொத்தம் − காலி

அடுத்த வண்டி வந்ததும் கைஎடையைப் பூஜ்யமாக்கினால் போதும். உறவு அறுபடவே இல்லை. கையால் போடும் விதிவிலக்கும் உறவுக்குள்ளேயே அடங்கிவிட்டது. என்னைக் கேட்டால், அறிவிப்புமுறையில் கோவை எழுதும் கலை முக்கால்வாசி இதுதான். இன்னும் ஒரு படி போய் நிகரத்தை வாசிப்பதற்கு மட்டுமே உரிய பண்பாக அறிவித்துவிடலாம். அதன்பின் யாராவது அதில் சமக்குறி போட்டு எழுதினால் எந்திரம் சத்தம்போடும்.

ஆனால் எல்லாவற்றையும் பிணைத்துவிடுவதும் பைத்தியக்காரத்தனம். லாரி ஓட்டுநரின் கையில் கொடுக்கும் எடைச்சீட்டில் இருக்கும் நிகரம் உயிரோடு இருக்கக்கூடாது. மேடையிலிருந்து வண்டி இறங்கியதும் மொத்தம் பூஜ்யமாகும். சேமித்த பதிவு பிணைப்பாக இருந்தால் அதுவும் கூடவே மாறித்தொலையும். சீட்டு அடிக்கும் கணத்தில் அந்த எண்ணை நகலெடுத்து உறையவைக்கவேண்டும். இங்கே சமக்குறிதான் சரி. மாவட்ட விஷயத்திலும் அப்படியே. ஜெயங்கொண்டத்துக்காரரின் இன்றைய முகவரி வட்டத்தோடு பிணைந்திருக்கலாம். 2003-இல் அவருக்குக் கொடுத்த சான்றிதழில் பெரம்பலூர் மாவட்டம் என்றுதான் இருக்கவேண்டும், ஏனென்றால் அன்று அது பெரம்பலூர்தான். பெரம்பலூரில் பதிவாகி டிஎன் 46 வாங்கிய லாரி, பின்னால் அரியலூருக்கு டிஎன் 61 வந்தது என்பதற்காகத் தகட்டைக் கழற்றி மாட்டுவதில்லை. எது உறவு, எது நடந்துமுடிந்த நிகழ்ச்சி என்று பிரிப்பது நிரலாளரின் வேலை. எந்த மொழியும் அதை நமக்காகச் செய்துதராது.

கோவைக்குள் எவ்வளவு நிரலை அனுமதிக்கலாம் என்பதில் மொழிகள் ஒத்துப்போவதில்லை. மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்த சாமல் கறார்ப்பேர்வழி. அதன் பிணைப்பில் 'அங்கே இருப்பதை இங்கே காட்டு' என்று சொல்லலாம். கணக்குப் போட முடியாது. 'உண்மை' என்பதைப் 'பொய்' என்று புரட்டுவதற்குக்கூடத் தனியாக ஒரு மாற்றி எழுதவேண்டும். ஒரு பொத்தானை மறைக்க இருபது வரி எழுதியவர்கள் அதை அன்போடு நினைவுகூர மாட்டார்கள். சன் நிறுவனம் 2007-இல் அறிவித்த ஜாவாஎஃப்எக்ஸ் ஸ்கிரிப்ட் பிணைப்பதற்கென்றே ஒரு சொல்லை வைத்திருந்தது. சில ஆண்டுகளில் அந்த மொழியையே கைவிட்டார்கள். கியூ.எம்.எல். மறு கோடிக்குப் போய் முழு ஜாவாஸ்கிரிப்டையும் உள்ளே விட்டுவிட்டது. வலைப்பக்கம் செய்யத் தெரிந்தவர் அன்றைக்கே எழுதத் தொடங்கலாம் என்பது பெரிய ஈர்ப்பு.

ஆபத்தும் அங்கேதான். எக்செல் கட்டத்தில் இருக்கும் சூத்திரம் இன்னொரு கட்டத்தில் எழுதியிருப்பதை அழித்து எழுத முடியாது. அதனால்தான் விரிதாளை நம்ப முடிகிறது. கியூ.எம்.எல். கோவைக்குத் தடை இல்லை. நிறத்தைக் கணக்கிடும் சாக்கில் கோப்பில் எழுதலாம், எண்ணிக்கையைக் கூட்டலாம், மணி அடிக்கலாம். எந்திரம் அந்தக் கோவையை எத்தனை முறை, எந்த வரிசையில் ஓட்டும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வண்டி இறங்கியதும் நிரல் முதலில் மொத்தத்தைப் பூஜ்யமாக்கி, அடுத்த வரியில் காலியைப் பூஜ்யமாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிக்கும் இடையில் ஒரு கணம் நிகரம் −9860. திரையில் அது தெரியாது, வரைவதற்குள் சரியாகிவிடும். ஆனால் நிகரம் மாறும்போதெல்லாம் பதிவேட்டில் எழுது என்று சொல்லியிருந்தால், பதிவேட்டில் எதிர்மறை எடையில் ஒரு லாரி ஏறிவிடும்.

கோவை தன் முழு அழகோடு தெரியும் இடம் சின்னது: பொத்தானின் அகலம். 'பிரிண்ட்' என்ற சொல்லுக்கு அளவெடுத்து ஆங்கிலத்தில் செய்த பொத்தானில் 'எடைச்சீட்டு அச்சிடு' என்று போட்டால் கடைசி மூன்று எழுத்து வெளியே தொங்கும். தமிழ்ப்படுத்திய மென்பொருளில் இதைப் பார்க்காதவர் இல்லை. அகலத்தை 80 என்று எழுதாமல், எழுத்தின் இயல்பான அகலம் + 24 என்று எழுதிவிட்டால், மொழி மாறினால் எழுத்து மாறும், எழுத்து மாறினால் அகலம் மாறும், அகலம் மாறினால் பக்கத்துப் பொத்தான் தள்ளிக்கொள்ளும். ஓட்டுநருக்கு இந்தியில் காட்டவேண்டுமா, அதற்கும் அதே வரி. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பெட்டியின் அகலம் எழுத்தைச் சார்ந்து, எழுத்தின் அகலம் பெட்டியைச் சார்ந்து எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். இந்தச் சுழலை மட்டும் எந்திரம் கண்டுபிடித்து நிறுத்தி எச்சரிக்கிறது.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கியூடி 5.0-இல் ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட கூகுளின் வி8 எஞ்சினைச் சேர்த்தார்கள், 5.2-இல் அதைக் கழற்றிவிட்டுத் தாங்களே ஒன்று எழுதிக்கொண்டார்கள். கியூடி 6 வரிசையில், பண்புகளின் வகையைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் கோவையை முன்கூட்டியே சி++ ஆக மாற்றிவிட முடிகிறது. நிகரம் ஒரு முழு எண் என்று அறிவித்திருந்தால் மொத்தம் − காலி ஏறக்குறைய வெறும் கழித்தல் கட்டளையாகவே ஓடும். வகை சொல்லாமல் எதுவும் வரலாம் என்று விட்டிருந்தால் அந்தச் சலுகை பெரும்பாலும் கைநழுவிவிடும். எடைமேடை அறையில் இருப்பது தூசு படிந்த பழைய கணிப்பொறி. இண்டிகேட்டர் நொடிக்குப் பலமுறை எண் அனுப்பும் இடத்தில், மொத்தத்தை வாசிக்கும் ஒவ்வொரு கோவையும் அத்தனை முறையும் ஓடும். ஆகவே வண்டி எண்ணை வைத்துப் பழைய பதிவுகளைத் தேடும் வேலையை அந்தக் கோவைகளில் ஒன்றுக்குள் ஒளித்துவைக்காதீர்கள். தேடல் வண்டி எண்ணை மட்டும் சார்ந்த தனிப் பண்பாக இருக்கட்டும். லாரி மேடையில் குலுங்கி நிற்கும்வரை எடை எத்தனை முறை மாறினாலும் அது ஓடாது.